இறங்கி வந்த கடிதம்

அத்தியாயம் 19

மந்திரிக்கு எழுதிய கடிதம் மந்திரியின் மேஜையிலேயே இருக்கும் என்று நம்புகிற அப்பாவிகள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது அங்கே அரை நாள்கூடத் தங்காது. ஓரத்தில் ‘விவரம் தருக’ என்று ஒரு கிறுக்கல் வாங்கிக்கொண்டு செயலாளரிடம் போகும். அங்கிருந்து தலைமைப் பொறியாளர், அவரிடமிருந்து கோட்டப் பொறியாளர் என்று படி இறங்கி, கடைசியில் யார்மேல் புகாரோ அந்த ஆசாமியின் மேஜையிலேயே வந்து விழும். பதிலையும் அவர்தான் எழுதுவார். ‘எல்லாம் சீராக உள்ளது’ என்று எழுதுவார். பின்னே, ‘நான் செய்தது தப்பு’ என்றா எழுதுவார்?

சின்னவளுக்கு இது தெரியாததல்ல. அக்காவின் தொகுதி அலுவலகத்தில் ஒன்பது வருடமாகக் கடிதம் தட்டுகிறவள் அவள்தான். தெரிந்திருந்தும், காலை ஒன்பதேகாலுக்குக் கணவனிடமிருந்து போன் வந்தபோது அவள் அதை எதிர்பார்க்கவில்லை.

“அக்காவோட லெட்டர் இங்க வந்துடுச்சு,” என்றான், தண்ணீர் நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கும் அவன். குரலைத் தாழ்த்திப் பேசினான். பின்னால் பம்புகளின் இரைச்சல் கேட்டது.

“இங்கன்னா எங்க?”

“பிளான்ட்டுக்குத்தான். ‘பார்த்துக்கலாம்’ என்னைக் கூப்பிட்டு என் கையிலயே குடுத்துட்டார். பன்னிரண்டு மணிக்குள்ள பதில் மேல போகணுமாம். நீயே எழுதிடுப்பா, உனக்குத்தான் நல்லா எழுத வரும்னார்.”

‘பார்த்துக்கலாம்’ என்பது தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தின் இன்ஜினியருக்கு ஊழியர்கள் வைத்திருக்கும் பெயர். வால்வு ஒழுகுகிறது என்றால் பார்த்துக்கலாம் என்பார். முகமூடியின் வார் அறுந்துவிட்டது என்றாலும் பார்த்துக்கலாம்தான். குளோரின் அறையின் அலாரம் அடிக்கடி அலறுகிறது என்று சொன்னபோது மட்டும் அவர் சுறுசுறுப்பானார். வயரைக் கழற்றிவிடச் சொன்னார். மூன்று மாதமாக அந்த அலாரம் ஊமை.

நிலையத்தின் மதிலை ஒட்டி ஒரு தெரு. அறுபத்திரண்டு வீடுகள். விடிகாலையில் கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது என்று அந்தத் தெருக்காரர்கள் கொடுத்த மனுவை, தொகுதியின் சட்டசபை உறுப்பினரான அக்கா, பெரியவள், மந்திரிக்கு அனுப்பினாள். ‘ஆதாரமற்றது’ என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அதைப் படித்துச் சின்னவள் கொதித்துப்போனதும், மனைவியின் கொதிப்பைப் பார்த்து ஆபரேட்டர் நிலையத்தின் பதிவேட்டிலிருந்து இரண்டு பக்கங்களை யாருக்கும் தெரியாமல் நகலெடுத்து வந்து தந்ததும் போன வாரக் கதை. ‘அலாரம் வயர் கழற்றப்பட்டது, இன்ஜினியர் உத்தரவு’ என்று அந்தப் பக்கங்களில் இருந்தது. நகலெடுத்தவன் யார் என்று தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். வேலையோடு விட்டால் பெரிய விஷயம்.

அந்த விவரத்தை வைத்துத்தான் பெரியவள் மந்திரிக்கு இரண்டாவது கடிதம் அனுப்பினாள். சபையில் கேள்வியும் போட்டாள். கேள்வி இன்று மதியம் இரண்டு மணிக்கு வருகிறது. ஐந்து நாள் படுத்துத் தூங்கிய காகிதம் இன்று காலைதான் எழுந்து ஓடத் தொடங்கியிருந்தது.

“ஆமா, மேல் தாள்ல ‘இணைப்பு: இரண்டு தாள்’னு போட்டிருக்கே. அது என்ன இணைப்பு?” என்று கேட்டான் ஆபரேட்டர்.

சின்னவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“நீங்க பாக்கலையா?”

“எங்க பாக்கறது? அதை மட்டும் உருவி, படிக்காமலே டிராயர்ல போட்டுப் பூட்டிட்டார். அப்புறம் பார்த்துக்கலாம்னுட்டார். நான் குடுத்த தாளைக் கிழிச்சாச்சுல்ல? பின்பக்கம் எழுதினதை அக்கா படிச்சாங்கல்ல?”

“பின்பக்கமா?”

“நீ திருப்பிப் பாக்கவே இல்லையா? ‘அக்கா, இதை எடுத்துக் குடுத்தது நான்னு யாருக்கும் தெரிய வேண்டாம். படிச்சதும் கிழிச்சுடுங்க. உங்க மாப்பிள்ளை’ன்னு ரெண்டு வரி எழுதியிருந்தேனே. ஏன், என்னாச்சு?”

உண்மையைச் சொல்ல அவளுக்கு அரை நிமிடம் இருந்தது. அந்த அரை நிமிடத்தில் பயம் முந்திக்கொண்டது.

“ஒண்ணும் ஆகல. கிழிச்சாச்சு.”

“அப்போ இணைப்பு?”

“அது மனுவுல கையெழுத்துப் போட்டவங்க பட்டியல்.”

அவன் பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது. “அப்பாடா! ஒரு நிமிஷம் எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு,” என்று சிரித்துவிட்டு வைத்தான்.

சின்னவள் அலமாரியைத் திறந்தாள். கோப்பை எடுத்து, நாடாவை அவிழ்த்து, கடிதத்தின் அலுவலகப் பிரதிக்குப் பின்னால் இருந்த இரண்டு தாள்களைத் திருப்பிப் பார்த்தாள்.

பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் எழுத்தும் இல்லை, மையும் இல்லை.

அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. கணவன் தந்த தாள்களை அவள்தான் மறுபடி நகலெடுத்தாள். நகலின் நகல் மங்கலாக இருந்தது. மந்திரிக்குப் போவது தெளிவாக இருக்கட்டும் என்று தெளிவான தாள்களைக் கடிதத்தோடு பின் அடித்துவிட்டு, மங்கலானதைக் கோப்பில் வைத்தாள். அவ்வளவு அக்கறை! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த அலுவலகத்தில் சுவரில் மாட்டாத சட்டம் ஒன்று உண்டு. உள்ளே இருக்கிறவன் கொடுத்த காகிதம் வெளியே போகக்கூடாது. விவரத்தை மட்டும் எடுத்து, உறுப்பினரின் சொந்த வார்த்தையில் திருப்பித் தட்டித்தான் மந்திரிக்கு அனுப்ப வேண்டும். பெரியவள் பதவிக்கு வந்த முதல் நாள் சொன்னது இது. “ஜனங்க நம்மகிட்ட குடுக்கிறது காகிதம் இல்லடி, கழுத்து,” என்று சொல்லியிருந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு பெயரும் வெளியே போனதில்லை. வெறும் தட்டச்சை அனுப்பினால் மறுபடியும் ‘ஆதாரமற்றது’ என்பார்களே என்ற ஆத்திரத்தில் சின்னவள், அக்கா கையெழுத்துப் போட்ட பிறகு அவளுக்குத் தெரியாமல், அந்தச் சட்டத்தை மீறினாள். தாளில்தான் பெயர் எதுவும் இல்லையே என்று நினைத்தாள். முன்பக்கத்தில் இல்லைதான்.

மதில் தெருவின் தையல்காரி வழக்கம்போல வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. மடியில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. குழந்தை இருமியது.

“இன்னிக்குத்தானேம்மா சபையில கேக்கறாங்க?”

“ஆமாம்மா.”

“கேட்டா நடந்துடும்ல?”

சின்னவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அக்காவைப் பிடித்தாக வேண்டும். கேள்வி எழுந்தால், அதிகாரிகள் ஆதாரத்தைத் தேடுவார்கள். ஆதாரத்தைத் தேடினால், அந்த டிராயர் திறக்கும். திறந்தவன் தாளைத் திருப்பினால் அவ்வளவுதான். இதைத் தவிர வேறு எதுவும் அவள் தலையில் ஓடவில்லை.

*

சபைக்குப் போகிற பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நிதானமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. பன்னிரண்டு பத்துக்கு மறுபடியும் போன் அடித்தது.

“அனுப்பியாச்சு,” என்றான் ஆபரேட்டர். அவன் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. கல்யாணமான புதிதில் கேட்ட துள்ளல்.

“என்ன எழுதினீங்க?”

“அதை ரெண்டு மணிக்குக் கேட்டுக்கோ. நீ அங்கதானே போயிட்டிருக்கே? காதைத் தீட்டிட்டு உக்காரு. ‘பார்த்துக்கலாம்’ ஒரு வரிகூடப் படிக்கல, தெரியுமா? கையெழுத்து எங்கன்னு கேட்டார். காட்டினேன். போட்டார்.”

“ஏங்க, நீங்க ஏதும் ஏடாகூடமா...”

“எனக்கென்ன பயம்? என் பேர் எதுலயும் இல்ல. கையெழுத்து அவரோடது. தாளை நீ கிழிச்சுட்டே. அந்தத் தைரியம்தான்.”

பக்கத்து இருக்கைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணு சொல்லணுங்க.”

“சாயங்காலம் சொல்லேன். ரெண்டு மணிக்கு குளோரின் சிலிண்டர் மாத்தணும். கூட இருக்கிறவன் இன்னிக்கு லீவு. சாமானெல்லாம் நானேதான் எடுத்து வைக்கணும்.”

“தனியாவா மாத்தப் போறீங்க? ரெண்டு பேர் இல்லாம அந்த அறைக்குள்ள காலே வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?”

“சொன்னேனே அவர்கிட்ட. என்ன பதில் வந்திருக்கும்னு நினைக்கிறே?”

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இணைப்பு அறுந்ததும் திரும்பக் கூப்பிட்டாள். இரண்டு முறை கூப்பிட்டும் மணி அடித்து நின்றது. மூன்றாம் முறை கூப்பிட விரல் வரவில்லை. உண்மையைச் சொன்னால் சிலிண்டர் மாற்றப்போகும் கை நடுங்குமே என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். நல்ல காரணம்தான். ஆனால் அது காரணம் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

*

சபைக்கு வெளியே நடைபாதையில் காவலர் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருக்கும் உறுப்பினரைப் பார்க்க வேண்டுமானால் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். சின்னவள் ‘அவசரம்’ என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

“எல்லாரும் ரெண்டு கோடு போடறாங்கம்மா,” என்று அலுத்துக்கொண்டே அவர் உள்ளே போனார்.

பெரியவள் வருவதற்கு ஒண்ணேகால் ஆகிவிட்டது. கையில் கேள்வித் தாள்கள், மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு மேலே. போன வாரச் சண்டைக்குப் பிறகு அக்காவும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசுவது இதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையை இதில் இழுக்க வேண்டாம் என்று பெரியவள் அன்றைக்குத் தலைபாடாக அடித்துக்கொண்டாள். சின்னவள்தான் கேட்கவில்லை.

“என்னடி இது, முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?”

சின்னவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். தாள், பின்பக்கம், டிராயர், காலையில் சொன்ன பொய், எல்லாவற்றையும்.

பெரியவள் அங்கே இருந்த மர பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

“இல்லக்கா. கிழிச்சாச்சுன்னு சொல்லிட்டேன்.”

“கிழிச்சாச்சுன்னு சொன்னியா!” பெரியவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “இத்தனை வருஷத்துல எவன் எவன் பேரையெல்லாமோ காப்பாத்தினோம். சொந்த வீட்டு ஆளைக் காப்பாத்த முடியல பாரு.”

“இன்னும் முடியும்கா. உன் கேள்வி நம்பரைக் கூப்பிடும்போது நீ எழுந்திரிக்காதே. எழுந்திரிக்கலைன்னா மந்திரி பதிலை வாசிக்க மாட்டார்ல? அது பாட்டுக்கு மேஜையில கெடக்கும். சத்தமே வராது. ஒருத்தனும் அந்தத் தாளைத் தேட மாட்டான்.”

“அந்தத் தெரு?”

“அடுத்த மாசம் கேப்போம்.”

“அடுத்த மாசம் வரைக்கும் அந்தக் காத்து மதிலுக்கு இந்தப் பக்கமே நிக்குமா?”

“அக்கா, அவர் இப்ப தனியா சிலிண்டர் மாத்தப் போறார். அலாரமும் இல்ல, துணைக்கு ஆளும் இல்ல. அந்த இன்ஜினியருக்கு மட்டும் விஷயம் தெரிஞ்சா...” அவளால் முடிக்க முடியவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன் கால்ல வேணா விழறேன். இந்த ஒரு தடவை மட்டும் உக்காந்திருக்கா.”

உள்ளே மணி அடித்தது. பெரியவள் எழுந்தாள். தங்கையின் கன்னத்தை உள்ளங்கையால் ஒரு முறை அழுத்தித் துடைத்தாள். உட்காருகிறேன் என்றும் சொல்லவில்லை, உட்கார மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

*

பார்வையாளர் மாடத்துக்குள் போனை எடுத்துப் போக விடமாட்டார்கள். வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்தார்கள். அதில் எண் 31. சின்னவள் அதை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். கடிகாரம் நேர் எதிரே இருந்தது. இரண்டு அடிக்க மூன்று நிமிடம்.

சிலிண்டர் மாற்றுவது எப்படி என்று கணவன் பலமுறை விவரித்திருக்கிறான். பழையதின் வால்வை மூட வேண்டும். குழாயைக் கழற்ற வேண்டும். புதிய வாஷர் போட வேண்டும். வாஷர் சரியாக உட்காராவிட்டால்? அவன் அந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவான்.

கீழே கேள்விகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு பாலம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பஸ் தடம். ஒவ்வோர் உறுப்பினரும் எழுந்து எண்ணைச் சொன்னதும் அந்தந்த மந்திரி எழுந்து தாளை வாசித்தார். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கேள்வி எண் நாற்பத்தேழு,” என்றார் சபாநாயகர்.

பெரியவள் அசையவில்லை.

சின்னவள் மாடத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உக்காந்திரு, உக்காந்திரு, உக்காந்திரு என்று உதடு அதுபாட்டுக்கு முணுமுணுத்தது. தையல்காரியின் குழந்தை இருமியது காதில் கேட்டது. அதைக் கேட்காமல் இருக்கப் பார்த்தாள். அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

“எண் நாற்பத்தேழு. உறுப்பினர் கேட்கவில்லையா?”

பெரியவள் எழுந்து நின்றாள்.

“எண் நாற்பத்தேழு,” என்றாள். குரல் ஒரு துளி பிசிறியது.

சின்னவளுக்கு அந்தக் கணத்தில் அக்காவின்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கூடப் பிறந்தவளாவது, மண்ணாவது என்றுதான் தோன்றியது.

மந்திரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளை எடுத்தார். வருடக்கணக்கில் வாசித்துக் களைத்த குரலில் ஆரம்பித்தார். “மாண்புமிகு உறுப்பினர் குறிப்பிட்டுள்ள நிலையத்தின் குளோரின் அறை குறித்த விவரம் பின்வருமாறு. எச்சரிக்கை அலாரம் கடந்த தொண்ணூற்று நான்கு நாட்களாகத் துண்டிக்கப்பட்டுள்ளது. இது நிலையப் பொறியாளரின் வாய்மொழி உத்தரவின்படி செய்யப்பட்டது. அறையில் முகமூடி ஒன்று உள்ளது. அதற்கு வார் இல்லை. மதிலுக்கு அப்பால் அறுபத்திரண்டு...”

மந்திரி நின்றார். தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். பிறகு பின்னால் திரும்பி, அதிகாரிகள் உட்கார்ந்திருந்த கூண்டைப் பார்த்தார். அங்கே நாலு பேர் ஒரே நேரத்தில் கோப்பைப் புரட்டினார்கள்.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு சபையே சிரித்தது. பிறகு, தாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று உறைத்ததும், ஒவ்வொருவராக அடங்கிப்போனார்கள்.

சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. ‘முகமூடி ஒன்று உள்ளது. அதற்கு வார் இல்லை.’ இப்படி எழுதுகிற ஆள் உலகத்தில் ஒருவன்தான். வீட்டுச் சாமான் பட்டியலைக்கூட ‘குடை ஒன்று உள்ளது, கம்பி இல்லை’ என்று எழுதுகிறவன். இன்ஜினியர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவசரத்தில் கோட்டப் பொறியாளரும் படிக்கவில்லை, தலைமைப் பொறியாளரும் படிக்கவில்லை, செயலாளரும் படிக்கவில்லை. இறங்கி வந்த கடிதம் தூங்கித் தூங்கி இறங்கியது. பதிலோ ஒரே பாய்ச்சலில் உச்சிக்கு ஏறி மந்திரியின் வாயிலேயே வந்து நின்றுவிட்டது.

“ஒரே ஒரு துணைக் கேள்வி,” என்றாள் பெரியவள். இப்போது குரலில் பிசிறு இல்லை. “அந்த வயரை எப்போது மாட்டுவார்கள்?”

மந்திரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “இப்போதே. இந்த நிமிடமே உத்தரவிடுகிறேன்.”

அதிகாரிகள் கூண்டிலிருந்து ஒருவர் எழுந்து ஏறக்குறைய ஓடினார். மேஜைகள் தட்டப்பட்டன. பெரியவள் நிமிர்ந்து மாடத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிழைச்சுட்டோம் என்ற சிரிப்பு.

சின்னவள் பதிலுக்குச் சிரிக்கப் போனாள். பாதியில் உதடு உறைந்தது.

இந்தப் பதிலை எழுதியது யார் என்று மந்திரி அலுவலகம் கேட்கும். இன்ஜினியரைக் கேட்கும். இன்ஜினியருக்குத் தெரியும், யார் கையில் பேனாவைக் கொடுத்தோம் என்று. அவன் ஏன் இப்படி எழுதினான் என்று யோசிப்பார். யோசித்தால் டிராயரைத் திறப்பார். காலையில் அப்புறம் பார்த்துக்கலாம் என்றாரே, அந்த அப்புறம் இதோ வந்துவிட்டது. தாள் கிழிந்துவிட்டது என்று நம்பித்தானே அவன் இவ்வளவு துணிந்தான்? நிஜத்தைச் சொல்லியிருந்தால் ‘எல்லாம் சீராக உள்ளது’ என்று எழுதிவிட்டுப் பத்திரமாக இருந்திருப்பானே!

அவள் யார் காலை மிதித்தோம் என்றுகூடப் பார்க்காமல் வாசலுக்கு ஓடினாள். அடுத்த கேள்வி முடியும்வரை கதவைத் திறக்க மாட்டேன் என்று காவலர் அவளைப் பத்து நிமிடம் நிறுத்திவைத்தார்.

வில்லையைக் கொடுத்துப் போனை வாங்க வரிசை நின்றது. “ஐயா, என்னை முதல்ல விடுங்க, வீட்டுக்காரருக்கு ஆபத்து,” என்று அவள் கத்தியதில் வரிசை தானாக விலகியது. மணி இரண்டு பதினெட்டு. கணவனைக் கூப்பிட்டாள்.

போன் அடித்தது. ஐந்து முறை. ஆறு முறை. எடுக்கப்பட்டது.

“என்னங்க! கேக்குதா? உடனே அங்கேர்ந்து கெளம்புங்க. நான் காலையில...”

“யாரு பேசறது?”

கணவனின் குரல் அல்ல. அவசரமே இல்லாத குரல். இதற்கு முன் அவள் அந்தக் குரலைக் கேட்டதில்லை. கேட்டதும் ‘பார்த்துக்கலாம்’தான் என்று தெரிந்துவிட்டது.

“நான் அவரோட மனைவி. அவர் எங்க சார்?”

“உள்ள சிலிண்டர் மாத்திட்டிருக்கார். அறைக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது பாருங்க, என் மேஜையில வச்சுட்டுப் போனார். ஒழுங்கான மனுஷன்.” காகிதம் சரசரத்தது. “மந்திரி ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. நல்லாத் திட்டினாங்க. வயரை மாட்ட எலக்ட்ரீஷியனை அனுப்பிட்டேன். மாட்டிட்டிருக்கான்.”

“சார்...”

“‘அக்கா,’” என்று அவர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். “‘இதை எடுத்துக் குடுத்தது நான்னு யாருக்கும் தெரிய வேண்டாம். படிச்சதும் கிழிச்சுடுங்க.’ ஏம்மா, கிழிச்சிருக்கலாம்ல?”

சின்னவள் சுவரில் சாய்ந்தாள்.

“தப்பு என்னுது சார். அனுப்பினது நான். அவருக்குத் தெரியவே தெரியாது. வேலையை எடுத்துக்குங்க. போலீஸ்ல குடுங்க. என்ன வேணா பண்ணுங்க. அவரை மட்டும் இப்ப வெளிய கூப்பிட்டுடுங்க. தனியா இருக்கார் சார்.”

“ஏன் பதர்றீங்க? வரட்டும். வந்ததும் நிதானமா...”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

அவள் அதைக் கேட்டதே இல்லை. ஆபரேட்டர் வாயால் ஊளையிட்டுக் காட்டியிருக்கிறான், சாப்பாட்டு மேஜையில், விளையாட்டாக. நீளமாக எழுந்து, இறங்கி, மறுபடி எழுகிற ஒரு ஊளை. தொண்ணூற்று நான்கு நாள் ஊமையாக இருந்த அலாரம் அடித்தது.

“வயர் மாட்டினதும் ஒரு தடவை அடிக்கும்,” என்றார் இன்ஜினியர். அவளிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. “ஒரு தடவைதான் அடிக்கும்.”

சின்னவள் எண்ணினாள். மூன்று. நான்கு. ஐந்து. அது நிற்கவில்லை. தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டுக் கத்தினார்கள். என்ன சொன்னார்கள் என்று விளங்கவில்லை.

“சார்? அவர் உள்ள இருக்கார் சார்! சார்!”

அவர் பார்த்துக்கலாம் என்று சொல்லவில்லை. நாற்காலி கவிழும் சத்தம் கேட்டது. போன் மேஜையில் ‘டக்’கென்று விழுந்தது. பிறகு காலணிகள் தடதடவென்று ஓடின.

அந்த ஓட்டம் குளோரின் அறையைப் பார்த்தா, வெளிவாசலைப் பார்த்தா என்று அவளுக்குத் தெரியவில்லை. போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, அந்த ஊளைக்கு நடுவே ஒரே ஒரு இருமல் சத்தமாவது கேட்காதா என்று அவள் காத்திருந்தாள்.